வயிற்றுக்கு வளையம் வேண்டுமா? குழு கேட்ட ஆறு கேள்விகள்

(நம் கூட்டமைப்பின் 2025 கார்த்திகை மாதப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். தையல் தொழில் செய்யும் இவர், தன் பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் பேசிய நடையிலேயே தருகிறோம்.)



எனக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எங்க ஊக்குநர் விடவில்லை. "அக்கா, நீங்க பட்டதை நீங்க சொன்னாத்தான் கேட்பாங்க. நான் சொன்னா பாடம் எடுக்கிற மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். அதனால் வந்திருக்கிறேன்.

என்னை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கூட்டத்துக்கு வந்தால் பாயில் உட்கார மாட்டேன், சுவர் ஓரமாக நாற்காலி கேட்பேன். பெருமைக்காக இல்லை. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். எனக்கு 43 வயது. உயரம் 152 சென்டிமீட்டர். இந்த வருஷம் சித்திரை மாதம் என் எடை 104 கிலோ. இதை இத்தனை பேர் முன்னால் சொல்வதற்கே எனக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறது. பிரஷர் மாத்திரையும் உண்டு. இரண்டு முட்டியும் வலி. ராத்திரி குறட்டை விட்டுக்கொண்டே இருப்பேனாம், திடீரென்று மூச்சு நிற்குமாம், பிறகு திணறி எழுந்து உட்காருவேனாம். எங்க வீட்டுக்காரர் பயந்து போய் எழுப்புவார். பகலில் மெஷினில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். ஒரு தடவை ஊசி விரலில் ஏறிவிட்டது.

உடம்பு இப்படி இருக்கிறவள் நிறையச் சாப்பிடுவாள் என்றுதான் ஊர் நினைக்கும். நான் சாப்பிட்டதை மறைக்கவில்லை. மூன்று வேளையும் சோறுதான், இட்லிதான். ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஐந்திலும் சர்க்கரை. பத்து மணி நேரம் மெஷினில் உட்கார்ந்த வேலை. இரண்டு பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. பட்டினி கிடந்து பார்த்தேன். சத்துமாவு டப்பா என்று ஒருத்தர் கொண்டு வந்து கொடுத்ததை மாதம் 2,500 ரூபாய் கொடுத்து நாலு மாதம் குடித்தேன். எட்டு கிலோ குறைந்தது. நிறுத்தினேன், பத்து கிலோ ஏறியது. இது என் மனசு பலவீனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எடை குறைந்தால் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டிவிடும், எரிக்கிற சக்தியைக் குறைத்துவிடும் என்று பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

முகாமில் நடந்தது

சித்திரை மாதம் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி எடை குறைப்பு இலவச முகாம் போட்டது. போனேன். எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள். டாக்டரை நான் பார்க்கவில்லை. கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு தம்பிதான் பேசினார். "அம்மா, பயப்படாதீங்க. வயித்துல வளையம் மாதிரி ஒண்ணு வைக்கிறதுதான். சின்ன சின்ன ஓட்டை போட்டுப் பண்றது. மூணு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். ஒரு வருஷத்துல பாதி எடை போயிடும்" என்றார். வளையம் என்றதும் எனக்கு லூப் ஞாபகம் வந்தது. போட்டுக்கொள்வோம், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

செலவு 3,40,000 ரூபாய். இந்த மாதத்துக்குள் 25,000 முன்பணம் கட்டினால் 40,000 தள்ளுபடி. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டத்தில் எழுந்து, வங்கிக் கடன் வரும்போது எனக்கு 3 லட்சம் வேண்டும் என்று கேட்டேன்.

கூட்டம் அமைதியாகிவிட்டது. ஒருத்தி சிரித்தாள். ஊக்குநர் அவளைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

ஊக்குநர் வயதில் எனக்கு இளையவள். மறுக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. "அக்கா, கறவை மாட்டுக்குக் கடன் கேட்டா நாம என்னென்ன கேட்போம்? என்ன மாடு, எத்தனையாவது ஈத்து, எவ்வளவு கறக்கும், தீவனம் எங்கே, சினை நேரத்துல வருமானம் என்ன, நோய் வந்தா யார் பார்ப்பாங்க, இன்சூரன்ஸ் உண்டா. அம்பதாயிரம் மாட்டுக்கு இத்தனை கேள்வி. உங்க வயித்துக்கு ஒண்ணுமே கேட்க வேணாமா?" என்றாள்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தக் கூட்டத்திலேயே எல்லோரும் சேர்ந்து ஆறு கேள்வி எழுதினார்கள். தீர்மானப் புத்தகத்தில் இன்றைக்கும் இருக்கிறது. அதன் நகலை என் கையில் கொடுத்து, "பதிலோட வாங்க, கடனைப் பேசுவோம்" என்றார்கள்.

மறுநாள் துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மாவிடம் அந்த முகாம் தாளைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். "இதுல எல்.எஸ்.ஜி.ன்னு போட்டிருக்கு. இது வளையம் இல்லம்மா. இரைப்பையில முக்கால் பங்கை வெட்டி எடுத்துடற ஆபரேஷன். எடுத்தா எடுத்ததுதான். திரும்ப வைக்க முடியாது" என்றார்.

சகோதரிகளே, நான் கையெழுத்துப் போட இருந்தது அந்தத் தாளில்தான். வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, இரைப்பையை வெட்டக் கொடுக்க இருந்தேன். அந்த ஆபரேஷன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பலருக்கு நல்லது செய்கிறது. ஆனால் என்ன செய்யப் போகிறார்கள் என்றே தெரியாமல் நான் சம்மதிக்க இருந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்குப் பிறகு ஊக்குநரையும் கூட்டிக்கொண்டு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போனேன். ஒவ்வொரு கேள்விக்கும் கிடைத்த பதிலைச் சொல்கிறேன்.

கேள்வி 1: இந்த ஆபரேஷன் யாருக்கு?

எடையை மட்டும் பார்த்துச் சொல்வதில்லை. உயரத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதாலேயே பெருக்க வேண்டும். வருகிற எண்ணால் எடையை வகுக்க வேண்டும். என் உயரம் 1.52. அதை அதால் பெருக்கினால் 2.31. 104-ஐ 2.31-ஆல் வகுத்தால் 45. இதற்குப் பி.எம்.ஐ. என்று பெயர். செல்போனில் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் போதும்.

1991-ல் அமெரிக்காவில் ஒரு வரையறை வைத்தார்கள். பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, பிரஷர் மாதிரி நோய் இருந்தால் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்றார்கள். நம்ம ஆட்களுக்குக் கொழுப்பு வயிற்றில் சேர்வதால் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. அதனால் நமக்கு அளவைக் குறைத்து வைத்தார்கள். 2022-ல் உலக அளவிலான டாக்டர் சங்கங்கள் அந்தப் பழைய வரையறையை மாற்றி, 35 இருந்தாலே யோசிக்கலாம், ஆசியக்காரர்களுக்கு 27.5-லேயே யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கின்றன. யோசிக்கலாம் என்றுதான் அர்த்தம். கட்டாயம் என்று அர்த்தம் இல்லை. மற்ற வழிகளைச் சரியாகச் செய்து பார்த்த பிறகுதான் இது.

நம்ம ஊரில் எடை கூடியிருப்பது என் ஒருத்தி கதை இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்குப் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 31 பேர்தான். இந்த நாற்பது பேருக்கும் ஆபரேஷன் தேவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி 2: சரியாக என்ன செய்யப் போகிறார்கள்?

டாக்டர் மூன்று வகை சொன்னார்.

முதலாவது, உண்மையான வளையம். சிலிக்கானில் செய்த பட்டையை இரைப்பையின் மேல்பக்கத்தைச் சுற்றி மாட்டுவார்கள். மேலே கோழிமுட்டை அளவு சின்னப் பை உண்டாகும். கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடும். வளையத்திலிருந்து ஒரு குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் இருக்கும் சின்ன டப்பியில் முடியும். டாக்டர் அதில் ஊசி போட்டு உப்புநீரை ஏற்றி இறுக்குவார், எடுத்துத் தளர்த்துவார். எதையும் வெட்டுவதில்லை, கழற்றவும் முடியும். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு சில வருஷம் இது ரொம்பப் பிரபலம்.

பிறகுதான் குறை தெரிந்தது. வளையம் நகர்ந்துவிடும். இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே போய்விடும். சாப்பாடு அடைத்து வாந்தி வரும். டப்பியோ குழாயோ பழுதாகும். பெல்ஜியம் நாட்டில், வளையம் போட்டு 12 வருஷத்துக்கு மேல் ஆனவர்களைப் பார்த்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வளையத்தை எடுத்துவிட வேண்டி வந்தது. அதனால் இப்போது இதைச் செய்கிற டாக்டர்கள் ரொம்பக் குறைவு.

ஊக்குநர் அங்கேயே ஒரு கேள்வி கேட்டாள். "டாக்டர், ராத்திரி இரண்டு மணிக்குச் சோறு அடைச்சு வாந்தி நிக்கலன்னா, எங்க ஊர்ல யார் ஊசி போட்டுத் தளர்த்துவாங்க?" டாக்டர் சிரித்துக்கொண்டே, "அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஊர்ல வளையம் போடக் கூடாதும்மா" என்றார். வளையம் என் கணக்கிலிருந்து அன்றைக்கே போய்விட்டது.

இரண்டாவது, ஸ்லீவ். முகாம் தாளில் இருந்தது இதுதான். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் சற்றுக் கூடவே வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விடுவார்கள். பசியைத் தூண்டுகிற சுரப்பும் குறையும். இன்றைக்கு உலகத்தில் அதிகமாகச் செய்வது இதுதான். ஆனால் திரும்ப மாற்ற முடியாது. சிலருக்கு நெஞ்செரிச்சல் புதிதாக வரும், ஏற்கெனவே இருந்தால் கூடும்.

மூன்றாவது, பைபாஸ். இருதய பைபாஸ் இல்லை. இரைப்பையின் மேல்பக்கத்தில் முட்டை அளவு பையைத் தனியாகப் பிரித்து, அதில் குடலைக் கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். சாப்பாடு கொஞ்ச தூரம் குறுக்கு வழியில் போகும். சர்க்கரை நன்றாகக் கட்டுப்படும். நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு ஸ்லீவைவிட இது பொருந்தும். ஆனால் இரும்புச்சத்து, கால்சியம், பி12 எல்லாம் உடம்பில் சேர்வது குறைந்துவிடும்.

கேள்வி 3: என்ன நன்மை, என்ன ஆபத்து?

பாதி எடை போகும் என்றார் அந்தத் தம்பி. ஸ்லீவிலும் பைபாஸிலும் மொத்த எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் பெரும்பாலும் குறையும். முதல் ஒன்றரை வருஷத்துக்குள் பெரும்பகுதி போய்விடும். பிறகு கொஞ்சம் திரும்ப ஏறவும் செய்யும். என் கணக்கில் 104 என்பது 75 பக்கம் வரலாம். 52 ஆகாது.

ஆனாலும் அது சின்ன விஷயம் இல்லை. பலருக்குச் சர்க்கரை மாத்திரை குறைகிறது, சிலருக்கு நின்றே போகிறது. தூக்கத்தில் மூச்சு நிற்பது சரியாகிறது. ஸ்வீடன் நாட்டில் 1987-லிருந்து நாலாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் இறப்பு குறைவு என்று 2007-ல் எழுதினார்கள்.

ஆபத்து என்ன? அனுபவம் உள்ள இடத்தில் உயிர் போவது ஆயிரத்தில் ஒருவர் அளவில்தான் என்றார் டாக்டர். அந்த ஒருவருக்கும் வீடு, பிள்ளை இருக்கும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். தையல் கசியலாம், ரத்தம் கசியலாம், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். வேகமாக எடை குறைவதால் பித்தப்பையில் கல் வரலாம். சில மாதம் முடி கொட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல், படபடப்பு, வயிற்றுவலி, மூச்சுத்திணறல் எது வந்தாலும் கஷாயம் வைத்துக் குடித்துக் காத்திருக்கக் கூடாது. உடனே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போக வேண்டும்.

கேள்வி 4: வாழ்நாள் முழுக்க என்ன செய்ய வேண்டும், என்ன செலவு?

முகாமில் இதை யாரும் சொல்லவில்லை. மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

முதல் இரண்டு வாரம் நீராகாரம். பிறகு மசித்த சாப்பாடு, பிறகு மிருதுவான சாப்பாடு. சாதாரணச் சாப்பாட்டுக்கு வர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகும் ஒரு கிண்ணம்தான். மெதுவாக மென்று சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. பைபாஸ் செய்தவர் கேசரி, லட்டு என்று எடுத்தால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வந்து படுக்க வைத்துவிடும்.

புரதச்சத்து ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6, 7 கிராம். நூறு கிராம் மீனில் 20 கிராம் பக்கம். சுண்டல், பருப்பு, பயறு எல்லாம் சேர்த்தால்தான் அறுபது வரும். நம்ம வீட்டில் முட்டை வந்தால் முதலில் பிள்ளைக்கு, பிறகு வீட்டுக்காரருக்கு, மிச்சம் இருந்தால் நமக்கு. அந்தப் பழக்கத்தை மாற்ற முடியாத வீட்டில் இந்த ஆபரேஷன் செய்தால் எடையோடு சேர்த்து உடம்பின் பலமும் போகும்.

சத்து மாத்திரை, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 எல்லாம் ஆயுள் முழுக்க. வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே ரத்தம் இல்லாத உடம்பில் இரும்புச்சத்து சேரும் வழியையும் குறைத்துவிட்டு மாத்திரையை மறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. முட்டி வலிக்கு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற வலி மாத்திரைகளை, பைபாஸ் செய்தவர் போடக் கூடாது. தைத்த இடத்தில் புண் வரும். புகையிலை போடுகிறவர்களும் விட்டுவிட வேண்டும். சர்க்கரை மாத்திரையை டாக்டர் சொல்கிறபடி குறைக்க வேண்டும், பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை அடியோடு இறங்கி மயக்கம் வரும். கல்யாணமான இளம் பெண்கள் ஒன்றேகால், ஒன்றரை வருஷம் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, வேறு வழி கேட்டுக்கொள்ள வேண்டும்.

பணக் கணக்கைப் பொருளாளர் போட்டுக் காட்டினாள். 3 லட்சம் கடன், 36 தவணை, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. முதல் மாதமே அசல் 8,333, வட்டி 3,000. மொத்தம் 11,333 ரூபாய். நான் தைத்துச் சம்பாதிப்பது மாதம் 9,000. இதில் முட்டை எங்கே, மாத்திரை எங்கே, பஸ் செலவு எங்கே? மூன்றாவது மாதமே நான் தவணை தவறியிருப்பேன். என்னால் குழுவுக்கே கெட்ட பெயர் வந்திருக்கும்.

காப்பீடு பற்றியும் கேட்டோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறவர்கள், இந்த ஆபரேஷன் தன் அட்டையில் வருமா, எந்த ஆஸ்பத்திரியில் வரும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தனியார் இன்சூரன்ஸ் இருந்தால், 2019-ல் கொண்டுவந்த பொது விதிப்படி 18 வயதுக்கு மேல், டாக்டர் பரிந்துரையோடு, பி.எம்.ஐ. 40 அல்லது கடுமையான நோயோடு 35 இருக்க வேண்டும். பாலிசியில் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். சென்னையில் சில பெரிய அரசு ஆஸ்பத்திரிகளிலும் இந்த ஆபரேஷன் செய்கிறார்கள். கடன் வாங்குவதற்கு முன்னால் அங்கே கேளுங்கள்.

கேள்வி 5: வேறு வழி செய்து பார்த்தாச்சா?

டாக்டர் முதலில் தைராய்டு பார்த்தார். இத்தனை வருஷத்தில் யாரும் பார்க்கவில்லை. கொஞ்சம் குறை இருந்தது, மாத்திரை கொடுத்தார். சர்க்கரை மாத்திரைகளில் சில எடையைக் கூட்டும், சில கூட்டாது என்று சொல்லி ஒன்றை மாற்றினார். வாரம் ஒரு தடவை போடுகிற எடை குறைக்கும் ஊசிகள் 2025-ல் இந்தியாவுக்கு வந்தது பற்றியும் கேட்டோம். நன்றாகவே எடை குறையுமாம். ஆனால் மாதம் ஆயிரக்கணக்கில் செலவு, நிறுத்தினால் எடை திரும்பும். எனக்குக் கட்டாது.

ஆறு மாதம் ஒழுங்காக முயற்சி செய்யுங்கள், பிறகு முடிவெடுப்போம் என்றார் டாக்டர். சோற்றைப் பாதியாக்கினேன், அந்த இடத்தில் கீரையும் பயறும் வைத்தேன். டீ இரண்டாகக் குறைந்தது, சர்க்கரை இல்லாமல். காலையும் மாலையும் நடந்தேன். தனியாகப் போக வெட்கப்பட்டேன், குழுவில் நாலு பேர் கூட வந்தார்கள். எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நல்லது என்றார்கள். உண்மைதான். பிரஷர் மாத்திரை ஒன்று குறைந்தது. ஐப்பசி கடைசியில் என் எடை 97.

கேள்வி 6: யாருக்காக?

இந்தக் கேள்வியை எழுதச் சொன்னது எங்கள் குழுவிலேயே வயதான ஆத்தா. நான் வீட்டில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முட்டி. மூச்சு. சர்க்கரை. பிறகு கை நின்றது. நாத்தனார் மகள் வளைகாப்பில், பந்தியில் உட்காரும்போது, "இவளுக்கு ரெண்டு இலை போடுங்க" என்று நாத்தனார் சொன்னதையும் எழுதினேன். எழுதும்போது அழுதுவிட்டேன்.

ஆத்தா தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "முதல் மூணுக்கு ஆஸ்பத்திரியில வைத்தியம் இருக்கு. நாலாவதுக்கு உன் வயித்த வெட்டி என்ன ஆகப் போகுது? அதைச் சொன்னவ வாயில்ல சரியாகணும்" என்றாள்.

இதே சமயத்தில் பக்கத்துக் குழு உறுப்பினர் ஒருத்தர் தன் மகளுக்கு இந்த ஆபரேஷன் பற்றி விசாரித்தார். 24 வயது, 155 சென்டிமீட்டர், 62 கிலோ. பி.எம்.ஐ. 26 கூட இல்லை. நோய் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் குண்டு என்று சொல்லிப் போய்விட்டார்களாம். அந்தப் பிள்ளைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்ல டாக்டருக்கு ஒரு நிமிஷம்தான் ஆனது. அம்மா மனசு மாறத்தான் நாலு கூட்டம் ஆனது.

என் முடிவு

எடை 97, பி.எம்.ஐ. 42. ராத்திரி மூச்சு நிற்பது இன்னும் இருக்கிறது. தூக்கப் பரிசோதனையில் அது கடுமையாகவே இருக்கிறது என்று வந்திருக்கிறது. முட்டியும் தேறவில்லை. அதனால் யோசித்து, வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள் எல்லோரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்து கேட்ட பிறகு, ஆபரேஷன் செய்துகொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். சர்க்கரையும் நெஞ்செரிச்சலும் இருப்பதால் பைபாஸ். அரசு ஆஸ்பத்திரியில்தான். பொங்கலுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

குழுவில் நான் கேட்ட கடன் இப்போது 30,000 ரூபாய். துணைக்கு இருப்பவர் செலவு, பஸ், முதல் மூன்று மாதச் சாப்பாடு, மாத்திரை, தைக்க முடியாத நாட்களின் வருமானம் எல்லாம் அதில் அடக்கம். குழு தீர்மானம் போட்டுவிட்டது. கனம் தூக்கக் கூடாத ஆறு வாரத்துக்கு என் வீட்டுத் தண்ணீர்க் குடத்தை யார் எடுப்பது என்றும் பேர் எழுதிவிட்டார்கள்.

எங்கள் குழுவிலேயே இன்னொரு அக்காவுக்குப் பி.எம்.ஐ. 36, சர்க்கரையும் உண்டு. அவரும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து எல்லாம் கேட்டார். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். தனியாக இருக்கிறவர், வருஷா வருஷம் சென்னைக்குப் போய்வர ஆள் இல்லை, ஆயுள் முழுக்க மாத்திரை வாங்க வழி இல்லை. நடையும் சாப்பாட்டு மாற்றமுமாக மருந்தோடு பார்த்துக்கொள்கிறார். அவர் முடிவும் சரி, என் முடிவும் சரி. இரண்டு பேரும் தெரிந்துகொண்டு முடிவெடுத்தோம்.

பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. ஆனால் சித்திரையில் இருந்த பயம் கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குப் பக்கத்தில் நடக்கிற பயம். இப்போது கிணறு எங்கே இருக்கிறது என்று தெரியும். எவ்வளவு ஆழம் என்றும் தெரியும்.

உங்களிடம் இரண்டே வேண்டுகோள். நம்ம குழுவில் யாரையும் குண்டு என்று கூப்பிடாதீர்கள். சிரிப்புக்குக்கூட வேண்டாம். அந்த வார்த்தைக்குப் பயந்துதான் பலர் தப்பான இடத்தில் முன்பணம் கட்டுகிறார்கள். இரண்டாவது, எந்த ஆபரேஷனாக இருந்தாலும் கையெழுத்துப் போடப் போகிற நாளில் குழுவிலிருந்து ஒருத்தரைக் கூட்டிப் போங்கள். புரியாத எழுத்து இருந்தால், "இதைத் தமிழில் சொல்லுங்க" என்று கேளுங்கள். கேட்பது நம்ம உரிமை.

உடம்பு தேறினால் மாசியிலோ பங்குனியிலோ இதே கூட்டத்துக்கு வருகிறேன். அன்றைக்கு எனக்கு நாற்காலி போடாதீர்கள். பாயில் உட்கார்ந்து பார்க்கிறேன்.



குழுக் கூட்டத்தில் பேச

உறுப்பினர் யாராவது பெரிய சிகிச்சைக்குக் கடன் கேட்டால், கீழே உள்ள கேள்விகளைச் சேர்ந்து எழுதிப் பார்க்கவும்.

1. இந்தச் சிகிச்சை தேவை என்று டாக்டரே பார்த்துச் சொன்னாரா?
2. சிகிச்சையின் பெயர் என்ன? வெட்டி எடுப்பதா, மாற்றி அமைப்பதா, திரும்ப மாற்ற முடியுமா?
3. என்ன நன்மை, எவ்வளவு நன்மை? என்ன ஆபத்து?
4. பிறகு எத்தனை காலம் மருந்து, பரிசோதனை? மாதச் செலவு எவ்வளவு? அரசு ஆஸ்பத்திரியிலோ காப்பீட்டிலோ வழி உண்டா?
5. வேறு வழிகளைச் செய்து பார்த்தாச்சா?
6. இது யாருக்காக?

கணக்குப் போட்டுப் பார்க்க: உங்கள் உயரம், எடையை நர்சம்மாவிடம் அளந்து, பி.எம்.ஐ. எண்ணை அவரவர் நோட்டில் எழுதிக்கொள்ளவும். சர்க்கரை, பிரஷர் இதுவரை பார்க்காதவர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சகோதரியிடம் பார்த்துக்கொள்ளவும்.